இயற்கைப் படங்களில் எடிட்டிங்: எங்கே தொடங்குவது, எப்போது கையை எடுப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறேன். மலை, காடு, நீர்நிலை எனப் படம் எடுத்து வருகிறீர்கள். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ஸ்லைடர்களை (அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்திகளை) நகர்த்திப் பார்க்கிறீர்கள். படம் ஒன்று சோகையாக இருக்கிறது, இல்லையென்றால் சாயம் பூசியதுபோல் ஆகிவிடுகிறது. எந்த மென்பொருளைக் கற்பது, கட்டணப் பயிற்சியில் சேரலாமா, இப்படித் திருத்துவது ஏமாற்று வேலையாகாதா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது: ஒரு படத்தில் எதை மாற்ற வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பல ஆண்டுகளாக நிலக்காட்சிப் படங்களை அச்சுக்குத் தயார்செய்தும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். இதில் சில செய்திகள் ஒளியின் இயல்பையும் கருவியின் இயல்பையும் சார்ந்தவை. அவற்றில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. சில என் ரசனை. அவை வரும் இடத்தில் ரசனை என்றே சொல்லிவிடுகிறேன். பறவை, விலங்குப் படங்களில் எனக்குப் பயிற்சி குறைவு என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

மென்பொருள் விஷயத்தை விரைவாக முடித்துவிடலாம். 2007இல் வெளிவந்த லைட்ரூமும், ஃபோட்டோஷாப்புக்குள் இருக்கும் கேமரா ராவும் உள்ளே ஒரே எந்திரத்தில் ஓடுபவை. கேப்ச்சர் ஒன், டார்க்டேபிள், ராதெரபி ஆகியவையும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கின்றன. கடைசி இரண்டும் இலவசம். திறந்த மூல மென்பொருள்கள். உங்களிடம் லைட்ரூம் இருப்பதால் அதிலேயே இருங்கள். பணம் கட்ட விருப்பமில்லை என்றால் டார்க்டேபிளுக்குப் போகலாம். ஆனால் அது வெளிச்சத்தைக் கையாளும் முறை வேறு. லைட்ரூம் பாடத்தில் வரும் ஸ்லைடர்களை அங்கே ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்க்க முடியாது. எதை எடுத்தாலும் ஓராண்டுக்காவது மாற்றாதீர்கள். வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த பல படங்களைச் சேர்ப்பது, சிக்கலான இடத்தில் எதையாவது அகற்றுவது போன்ற தேவை வரும்வரை ஃபோட்டோஷாப் வேண்டாம்.

அடுத்தது, படம் ஏன் சோகையாகத் தெரிகிறது என்பது. நீங்கள் ரா கோப்பில், அதாவது சென்சார் பதிவு செய்ததைத் திருத்தாமல் வைத்திருக்கும் கோப்பில், எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஜேபெக்கில் எடுத்தால் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. வானத்தின் நீலத்தைக் கொஞ்சம் இழுத்தாலே ஜேபெக்கில் பட்டை பட்டையாகக் கோடு விழுவதற்கு இதுவே காரணம். ஆனால் ரா கோப்பில், கேமரா ஜேபெக்குக்காகச் செய்துகொள்ளும் கான்ட்ராஸ்டோ வண்ண அழுத்தமோ ஏறியிருக்காது. கேமராவின் திரையில் பளிச்சென்று பார்த்தது கேமரா தானே திருத்திய ஜேபெக் முன்னோட்டம். கணினியில் திறந்ததும் அந்த அலங்காரம் இல்லாமல் போவதால் ஏமாற்றமாக இருக்கிறது; உடனே எல்லா ஸ்லைடரையும் வலப்பக்கம் தள்ளத் தோன்றுகிறது. அதற்கு முன் புரொஃபைல் (வண்ணமும் கான்ட்ராஸ்டும் தொடக்கத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்கள் கேமராவின் சொந்த வண்ணத்தை ஒட்டிய புரொஃபைல்கள் பெரும்பாலும் அங்கே இருக்கும். அதில் ஒன்றைத் தேர்ந்ததுமே பாதிப் படங்களுக்குச் சோகை போய்விடும். லேண்ட்ஸ்கேப் என்ற பெயரில் இருக்கும் புரொஃபைல் வண்ணத்தைக் கூடுதலாக ஏற்றுவது. அதன்மேல் நீங்களும் ஏற்றினால் சாயம் பூசியதுபோல் ஆவதில் வியப்பில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு உறுதியான செய்தி. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வண்ணத் தடங்களிலும் வெளிச்சம் உச்சத்தைத் தொட்டுவிட்ட இடத்தில் எந்த மென்பொருளாலும் விவரத்தை மீட்க முடியாது. அங்கே பதிவாக எதுவுமே இல்லை. நிழலில் விவரம் இருக்கும், ஆனால் அங்கே விழுந்த ஒளி குறைவு என்பதால் தூக்கும்போது புள்ளி புள்ளியாக இரைச்சலும் கூடவே எழும்பும். ஆகவே படம் எடுக்கும்போதே வானத்தின் பிரகாசமான பகுதியைக் காப்பாற்றிக்கொள்வது, எந்த எடிட்டிங் பாடத்தையும்விட அதிகம் உதவும். கேமராத் திரையில் வரும் ஹிஸ்டோகிராமும் (படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) அந்த ஜேபெக் முன்னோட்டத்திலிருந்தே கணக்கிடப்படுவது. அது எரிந்துவிட்டதாகக் காட்டும் இடத்திலும் ரா கோப்பில் கொஞ்சம் மிச்சம் இருக்கக்கூடும். எவ்வளவு மிச்சம் என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். உங்கள் கருவியில் நீங்களே சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஸ்லைடரைத் தொடுவதற்கு முன் படத்தை வெறுமனே பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? எதைப் பார்த்து அந்த இடத்தில் நின்றீர்கள்? பாறையின் விளிம்பில் பட்ட கடைசி வெயிலா, பள்ளத்தாக்கில் தேங்கிய மூடுபனியா, நீரின் அசைவா? அதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் அன்று அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். நான் சொல்லிக்கொடுத்தவர்களில் வேகமாகத் தேறியவர்கள் மென்பொருளை நன்றாக அறிந்தவர்கள் அல்லர். இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லப் பழகியவர்கள். ஏனென்றால் அதன்பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த ஒரு வாக்கியத்தோடு ஒட்டிப் பார்க்கலாம். மூடுபனிதான் படம் என்று முடிவுசெய்துவிட்டால் மூட்டத்தைத் துடைக்கும் டீஹேஸ் ஸ்லைடரை வலப்பக்கம் இழுக்கக் கை போகாது.

முதலில் வெளிச்சம், அப்புறம் வண்ணம் என்ற வரிசையை விடாதீர்கள். லைட்ரூமில் ‘வி’ விசையை அழுத்தினால் படம் கறுப்பு வெள்ளையாகும். மீண்டும் அழுத்தினால் வண்ணம் திரும்பும். கறுப்பு வெள்ளையில் பார்க்கும்போது கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். நீங்கள் காட்ட நினைத்த இடத்துக்குப் போகாமல் ஓரத்தில் வெளுத்த ஒரு மேகத்துக்கோ முன்னால் இருக்கும் வெள்ளைக் கல்லுக்கோ போனால், அந்தப் படத்தின் சிக்கல் வெளிச்சத்தில் இருக்கிறது. செச்சுரேஷனை (வண்ணச் செறிவை) எவ்வளவு ஏற்றினாலும் அது தீராது. படம் உயிரில்லாமல் இருப்பதாகத் தோன்றும்போது கை வண்ணத்துக்குப் போவது இயல்பு. என் பார்வையில், சாயம் பூசிய படங்களில் பெரும்பாலானவை வெளிச்சத்தின் குறையை வண்ணத்தால் ஈடுகட்டப் பார்த்தவையே.

வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பு பற்றி ஒரு சொல். சூரியன் மறையும் நேரத்தில் அதை ஆட்டோவில், அதாவது கேமராவின் முடிவுக்கே, விட்டு எடுத்தால், அந்தப் பொன்னிறத்தைப் பிழை என்று கருதி கேமரா அதைக் குறைத்துவிடும். ரா கோப்பில் இதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்துக்கான 5500 கெல்வின் அருகே வைத்துத் தொடங்கிப் பாருங்கள், அந்த நேரத்தின் நிறம் ஓரளவு திரும்பி வரும். நிழலில் கிடக்கும் பனியும் வெள்ளைப் பாறையும் நீலமாகத் தெரிவது பிழையன்று. அவற்றின்மேல் விழுவது நீல வானத்தின் ஒளிதான். அடர்ந்த மரக்கூரையின் கீழே இலைகளின் வழியாக இறங்கும் ஒளி பச்சையாக இருக்கும். அதை முழுக்க நீக்கலாமா என்பது ரசனை. நான் பாதியை நீக்கிப் பாதியை விட்டுவைக்கிறேன், காட்டுக்குள் நிற்கும் உணர்வு அந்தப் பச்சையில் இருப்பதால்.

படத்தின் எல்லா இடத்தையும் ஒரேயடியாக மாற்றும் ஸ்லைடர்களைக் கொண்டு படத்தை ஒரு நல்ல தொடக்க நிலைக்கு மட்டுமே கொண்டுவர வேண்டும். உண்மையான வேலை, படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து மாற்ற உதவும் மாஸ்க்குகளில் நடக்கிறது. இது கணினிக்கு முந்தைய மரபு. அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊருக்கு மேலே நிலவு எழுவதைப் படமெடுத்தார். அதே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் அச்சிட்டுக்கொண்டே இருந்தார். தொடக்க கால அச்சுகளில் வானம் வெளிறி, மேகங்கள் தெரியும். பிற்கால அச்சுகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. சில இடங்களுக்குக் கூடுதல் ஒளி கொடுத்துக் கருக்குவதும், சில இடங்களை மறைத்து வெளுப்பாக்குவதும் இருட்டறையில் கையால் செய்த வேலை. இன்று பிரஷ், ரேடியல் கிரேடியன்ட் (விளிம்பை நோக்கிப் படிப்படியாகக் குறையும் வட்ட மாஸ்க்) ஆகியவற்றால் செய்வது அதுவே.

இங்கே நீங்கள் கற்க வேண்டிய பழக்கம் ஒன்று: வெளிச்சம் ஏற்கெனவே விழுந்த இடத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக்குங்கள், இருண்ட இடத்தை இன்னும் கொஞ்சம் இருட்டாக்குங்கள். அன்றைய ஒளி போன வழியிலேயே நீங்களும் போக வேண்டும். புதியவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். ஹைலைட்ஸை (வெளிச்சப் பகுதிகளை) முழுக்க இடப்பக்கமும் ஷேடோஸை (நிழல் பகுதிகளை) முழுக்க வலப்பக்கமும் இழுத்துவிடுகிறார்கள். எல்லா இடத்திலும் விவரம் தெரிகிறது. எந்த இடத்திலும் வெளிச்சம் இல்லை. திறந்த வெளியில் ஒளி வருவதே வானத்திலிருந்துதான். ஆகவே பனி போன்ற விதிவிலக்குகளைத் தவிர, நிலம் வானத்தைவிட இருண்டிருப்பதே இயல்பு. நிலத்தை வானத்துக்குச் சமமாகத் தூக்கினால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் படம் பொய்யாகத் தோன்றும். நீரும் அப்படியே. தன்மேல் விழும் ஒளி முழுவதையும் நீர் திருப்பி அனுப்புவதில்லை. அதனால் ஒரு மலையின் பிம்பம் மலையைவிடச் சற்று இருண்டே இருக்கும். வானத்தை கிரேடியன்ட் போட்டு இருட்டாக்கிவிட்டு ஏரியை அப்படியே விட்டுவிட்டால் பிம்பம் அசலைவிடப் பளிச்சென்று நிற்கும். எடிட்டிங் செய்த தடயத்தை நான் முதலில் தேடும் இடங்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு தடயம் மலை விளிம்பில் ஓடும் வெள்ளைக் கோடு. விவரங்களை அழுத்திக் காட்டும் கிளாரிட்டியையும் ஷேடோஸையும் அளவுக்கு மீறி ஏற்றும்போது, இருண்ட மலையும் பிரகாசமான வானமும் சந்திக்கும் இடத்தில் அது வரும். வானத்தை மென்பொருள் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியில், தேர்வு விளிம்பில் பிசகினாலும் வரும், குறிப்பாக மரக்கிளைகளின் இடையே. நூறு சதவீத அளவில் பெரிதாக்கி, விளிம்பு முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். லீனியர் கிரேடியன்ட் (ஒரு பக்கத்திலிருந்து படிப்படியாகக் குறையும் மாஸ்க்) போடும்போது அடிவானத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரங்களும் சேர்ந்து கறுத்துப்போகும். அந்த மாஸ்க்கை, வெளிச்ச அளவை வைத்துத் தேர்வு செய்யும் லூமினன்ஸ் ரேஞ்சோடு இன்டர்செக்ட் செய்து (இரண்டும் சேரும் பகுதியை மட்டும் எடுத்து), பிரகாசமான பகுதிக்கு மட்டும் அது பொருந்தும்படி வைத்தால் மரங்கள் தப்பிக்கும். மாஸ்க்குகளில் நீங்கள் கற்க வேண்டிய நுட்பம் இது ஒன்றுதான் என்றாலும் போதும். அவ்வளவு இடங்களில் பயன்படும்.

டீஹேஸ் 2015இல் லைட்ரூமுக்கு வந்தது. அதிகம் தவறாகப் பயன்படும் கருவி அது என்பது என் கருத்து. தொலைவில் உள்ள மலைகள் வெளிறி நீலமாகத் தெரிவதற்கு, இடையில் உள்ள காற்றில் ஒளி சிதறுவதே காரணம். நீலம் போன்ற குறுகிய அலைநீள ஒளி அதிகம் சிதறுகிறது. அடுக்கடுக்காக மலைகள் தெரியும்போது எது அருகில், எது தொலைவில் என்று நமக்குப் புரிவது அந்த வெளிறலால்தான். டீஹேஸ் படம் முழுவதிலும் அதைத் துடைத்துவிட்டால் ஆழம் போய், மலைகள் எல்லாம் ஒரே தட்டில் ஒட்டியதுபோல் நிற்கின்றன. கூடவே வண்ணமும் அடர்த்தியாகி, வானத்தின் மூலைகள் கருநீலமாகின்றன. தேவைப்பட்டால் முன்னால் உள்ள பாறைக்கும் புல்லுக்கும் மட்டும் மாஸ்க் போட்டுக் கொஞ்சம் கொடுங்கள். சில நேரம் தொலைமலைக்கு அதையே இடப்பக்கம், அதாவது எதிர்த்திசையில், சிறிது நகர்த்துவேன். ஆழம் கூடுவதை உடனே பார்க்கலாம். டெக்ஸ்சர், கிளாரிட்டி இரண்டும் மரப்பட்டைக்கும் பாறைக்கும் நல்லவை. மூடுபனிக்கும் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து எடுத்த நீருக்கும் பொல்லாதவை.

வண்ணத்தில் பலரும் திணறுவது பச்சையிடம். புல்லும் இலையும் நம் கண்ணுக்குப் பச்சை. ஆனால் வெயில் பட்ட இலைகளின் நிறத்தில் பெரும்பகுதியை மென்பொருள் மஞ்சள் என்றே கணக்கில் வைத்திருக்கும். அதனால்தான் ஒவ்வொரு நிறத்தையும் தனியே மாற்றும் கலர் மிக்ஸரில் பச்சை ஸ்லைடரை எவ்வளவு நகர்த்தினாலும் புல் பெரிதாக மாறுவதில்லை. மஞ்சளைத் தொட்டுப் பாருங்கள். பச்சையின் செறிவைக் குறைப்பது, கூட்டுவதைவிட அநேகமாக எப்போதும் நல்லது என்பது என் ரசனை. வைப்ரன்ஸ், ஏற்கெனவே செறிந்த வண்ணங்களை அதிகம் தொடாமல் வெளிறியவற்றை உயர்த்தும். செச்சுரேஷன் எல்லாவற்றையும் ஒன்றுபோல் ஏற்றும். சிவந்த பூவிலும் அந்தி வானத்திலும் சிவப்புத் தடம் மட்டும் தனியே நிரம்பிவிடும். மொத்த வெளிச்சம் சரியாகவே இருக்கும், ஆனால் இதழின் நரம்புகள் மறைந்து சிவப்புக் கறையாக நிற்கும். ஹிஸ்டோகிராமில் சிவப்பு மட்டும் வலப்புறச் சுவரை முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் செச்சுரேஷனைக் குறையுங்கள். நீலத்தின் லூமினன்ஸைக் கீழே இழுத்து வானத்தைக் கருக்குவது எளிய வழியாகத் தெரியும். இரைச்சலையும் பட்டைகளையும் கொண்டுவருவதும் அதுதான். சிறிய அளவோடு நிறுத்துங்கள்.

உங்கள் திரை சரியில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. இது ரசனையன்று. திரையின் பிரகாசம் அதிகமாக இருந்தால் படத்தை உங்களை அறியாமல் இருட்டாகவே திருத்துவீர்கள். அச்சில் அது கறுத்து வரும். அச்சுக்கான வேலையில் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா, 6500 கெல்வின் வெள்ளை என்று அளவுக் கருவியால் சரிசெய்துகொள்வது வழக்கம். கருவி இல்லாவிட்டாலும் பிரகாசத்தை ஒரே நிலையில் வைத்து, இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைத்து, ஒரே வெளிச்சமுள்ள அறையில் வேலை செய்தால் பெரும்பகுதி தொல்லை குறையும். கண் வெகு விரைவில் பழகிவிடும் உறுப்பு. அரை மணி நேரம் ஒரு படத்தைத் திருத்தினால் மிகையான வண்ணமும் இயல்பாகத் தெரியத் தொடங்கும். எழுந்து போய்விட்டு மறுநாள் திறந்து பாருங்கள். ‘எப்போது கையை எடுப்பது’ என்ற கேள்விக்கு இதைவிட நம்பகமான விடை எனக்குக் கிடைத்ததில்லை: மறுநாள் முதல் பார்வையில் மலை கண்ணில் படுவதற்கு முன்பே எடிட்டிங் கண்ணில் பட்டால், திருத்தம் அதிகம். அப்போது மாஸ்க்கின் அமவுன்ட் ஸ்லைடரைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

படத்தைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் விசையோடு நகர்த்தினால் எந்தெந்த இடம் கூர்மையாகும் என்பது வெள்ளையில் தெரியும். வானம் கறுப்பாக ஆகும்வரை நகர்த்துங்கள். இணையத்துக்கு அனுப்பும்போது பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி வண்ண வெளியில் ஏற்றுமதி செய்யுங்கள், வேறு திரைகளில் நிறம் மாறித் தெரியும் சிக்கல் பெரும்பாலும் வராது. செயற்கை நுண்ணறிவால் இரைச்சலை நீக்கும் வசதி உண்மையிலேயே சிறந்தது. ஆனால் தொலைவில் உள்ள இலைக்கூட்டங்களில் இல்லாத வடிவங்களை அது உருவாக்கிவிடக்கூடும், பெரிதாக்கிச் சரிபாருங்கள்.

ஏமாற்றா என்ற கேள்வியில் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: திருத்தப்படாத டிஜிட்டல் படம் என்று ஒன்று இல்லை. நீங்கள் செய்யாவிட்டால் கேமராவின் நிரல் செய்திருக்கும். அதைத் தாண்டியவுடன் தெளிவான எல்லைக்கோடு கிடையாது, ஒவ்வொருவரும் வரைந்துகொள்வதுதான். 1982 பிப்ரவரி இதழின் அட்டைக்காக நேஷனல் ஜியாக்ரஃபிக், கீசா பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்தது. செங்குத்தான அட்டையில் பொருந்துவதற்காகச் செய்த சிறு நகர்வு அது. எழுந்த கண்டனம் இன்றுவரை பேசப்படுகிறது. அங்கே வண்ணமும் வெளிச்சமும் யாரையும் உறுத்தவில்லை. இடத்தின் அமைப்பு மாறியதுதான் உறுத்தியது. என் கோடும் அங்கேதான் இருக்கிறது. சென்சாரில் படிந்த தூசியின் கறையைத் தயங்காமல் நீக்குகிறேன். ஓரத்தில் நீட்டும் குச்சியை நீக்குவதில் எனக்கே இரு மனம் உண்டு. மலையை நகர்த்த மாட்டேன், வேறு நாளின் வானத்தை ஒட்ட மாட்டேன். கலைப்படைப்பாக அப்படிச் செய்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, செய்ததைச் சொல்லிவிட்டால் போதும். போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் விதிகளைப் படியுங்கள். பல போட்டிகள் இறுதிச் சுற்றில் மூல ரா கோப்பைக் கேட்கின்றன.

கடைசியாகப் பயிற்சி. கருவிகள் எப்படி இயங்குகின்றன என்பதை இலவசப் பாடங்களிலேயே கற்றுவிடலாம். அதற்குச் சில வாரங்கள் போதும். ஸ்லைடர் அளவுகளை முன்பே அமைத்து விற்கும் பிரீசெட்டுகளை வாங்காதீர்கள். இன்னொருவரின் படத்தில் இருந்த வெளிச்சத்துக்காக அமைத்த எண்கள் அவை. உங்கள் படத்தின் வெளிச்சம் வேறு. ஒரே ரா கோப்பை ஒரு வார இடைவெளி விட்டுவிட்டு, முந்தைய திருத்தத்தைப் பார்க்காமல் புதிதாகத் திருத்துங்கள். மூலக் கோப்பைப் பிரதி எடுக்காமலேயே இன்னொரு திருத்தத்தைத் தொடங்க விடும் விர்ச்சுவல் காப்பி வசதி இதற்கு உதவும். பிறகு எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்: சிலருக்கு மஞ்சள் ஏறிக்கொண்டே போகும், சிலருக்கு மூலைகள் கறுத்துக்கொண்டே போகும். பணம் கட்டித்தான் கற்பது என்றால், உங்கள் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று முதலில் கேட்கும் ஆசிரியரிடம் கட்டுங்கள். தன் படங்களை மட்டும் திரையில் திருத்திக் காட்டும் பதிவு செய்த வகுப்புக்கு, எவ்வளவு புகழ்பெற்றவர் நடத்தினாலும், இந்தக் கட்டத்தில் நீங்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.